சளிப்பூஞ்சையின் கருவுக்குள் ஒரு டிஎன்ஏ வளையம்

உயர்தர உயிரியல் படிக்கும் எந்தப் பிள்ளையிடமும் பிளாஸ்மிட் எங்கே இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பற்றீரியாவில் என்று பட்டென்று பதில் வரும். வட்டமான சிறிய டிஎன்ஏ, நிறமூர்த்தத்தோடு சேராமல் தனியே நிற்பது, நுண்ணுயிர்க்கொல்லிகளை எதிர்க்கும் பரம்பரையலகுகளைச் சுமப்பது, மரபணுப் பொறியியலில் காவியாக, அதாவது வேறு பரம்பரையலகைக் கலத்துக்குள் கொண்டுபோகும் வாகனமாகப் பயன்படுவது. பரீட்சைக்கு இவ்வளவும் போதும். கரு உள்ள கலங்களிலும், அதுவும் கருவுக்குள்ளேயே, இப்படி வளையங்கள் நூற்றுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கலாம் என்பது குறிப்புகளில் அநேகமாக வருவதில்லை. மதுவத்தைப் பற்றி ஒரு வரி வந்தாலே பெரிய விஷயம்.

திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இந்த விஷயம் தூரத்து ஆய்வுகூடச் சங்கதி அல்ல. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், பிரட்றிக் கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்களைப் படம் பிடிக்காதவர் குறைவு. அவை போட்டுவிட்டுப் போகும் புழுக்கையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் தாவரம் தின்னும் விலங்குகளின் சாணமும், மரத்தடியில் உக்கிக் கிடக்கும் இலைச்சருகும்தான் கலச் சளிப்பூஞ்சைகள் கிடைக்கும் வழக்கமான இடங்கள். 1869இல் ஜேர்மானியரான ஓஸ்கார் பிரெஃபெல்ட், டிக்டியோஸ்டீலியம் முகோரொய்டஸ் என்ற இனத்தை முதன்முதலில் விவரித்தபோது, அது அவர் கையில் அகப்பட்டது விலங்குச் சாணத்தில்தான். நமக்குக் கிட்டவே சொல்வதானால், தமிழ்நாட்டின் முதுமலைக் காட்டு மண்ணிலும் சாணத்திலுமிருந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் வித்யானந்த் நஞ்சுண்டையாவும் அவரோடு வேலை செய்தவர்களும் டிக்டியோஸ்டீலியம் ஜைஜான்டியம் என்ற இனத்தைப் பிரித்தெடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த இனத்தின் பெயர் கீழே இன்னொருமுறை வரும்.

பெயரில் பூஞ்சை இருந்தாலும் இவை பங்கசுக்கள் அல்ல, அமீபாக்களின் கிளையில் வருபவை. இரண்டு பெரிய கூட்டங்கள் உண்டு. மாரி பெய்து ஓய்ந்த பிறகு உக்கிய மரக்குற்றியில் மஞ்சள் கூழ் போலப் படர்ந்து கிடக்குமே, அது ஒரு கூட்டம். ஒரே கலமென்சவ்வுக்குள் எண்ணற்ற கருக்கள் நீந்தும் அந்தக் கூட்டத்தில்தான் ஆய்வுகூடங்களுக்குப் பிடித்த ஃபைசாரம் சேரும். மற்றது டிக்டியோஸ்டீலியம். தனித்தனி அமீபாவாகத் திரிந்து பற்றீரியாக்களை விழுங்கும். உணவு தீர்ந்ததும் ஒரு இலட்சம் கலங்கள் வரை ஒன்று கூடி, ஒரு மில்லிமீற்றர் அளவிலான புழுவாக ஊர்ந்து, கடைசியில் ஒரு தண்டும் அதன் உச்சியில் வித்திகளுமாக நிற்கும். தண்டாகும் ஐந்தில் ஒரு பங்கு கலங்கள் செத்துப்போகும். இந்த வேலை முழுவதும் ஒரு நாளைக்குள் முடிந்துவிடும். டிக்டியோஸ்டீலியம் டிஸ்கோய்டியம் என்ற புகழ்பெற்ற இனத்தை அமெரிக்கக் காடொன்றிலிருந்து எடுத்து 1935இல் விவரித்தவர் கென்னத் ரேப்பர். ஆறு நிறமூர்த்தங்கள், ஏறத்தாழ 3 கோடி 40 இலட்சம் மூலச்சோடிகள், 12,500 அளவில் பரம்பரையலகுகள் என்று அதன் மரபுத்தொகுதி 2005இல் வெளியானது.

மெற்ஸ், டெனிஸ் வெல்கர், கீத் வில்லியம்ஸ் முதலானோர் அந்த இனத்தில் ஒரு வட்டப் பிளாஸ்மிட் இருப்பதை 1983இல் அறிவித்தார்கள். இனப்பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு அதற்கு டிடிபி1 என்று பெயர். ஒரு கலத்தில் ஏறத்தாழ நூறு பிரதிகள். அடுத்து வேறொரு காட்டு வகையிலிருந்து டிடிபி2 வந்தது. அது சிறியது, ஏறத்தாழ 5,800 மூலச்சோடிகள்தான், ஆனால் பிரதிகள் இன்னும் அதிகம். இவை இருப்பது கலவுருவில் அல்ல, கருவுக்குள். கலத்தின் சொந்த நிறமூர்த்தத்தைப் போலவே ஹிஸ்டோன் புரதங்களில் சுற்றப்பட்டு நியூக்கிளியோசோம்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பற்றீரியாப் பிளாஸ்மிட்டுக்கு இந்த உடுப்பு கிடையாது. மதுவத்தின் கருவில் இதற்கு முன்பே அறியப்பட்டிருந்த 2 மைக்ரோன் வளையத்தை விட்டால், கருவுக்குள் வட்டப் பிளாஸ்மிட் வைத்திருக்கும் உயிரினங்கள் கையில் எண்ணக்கூடியவைதான்.

உள்ளே இருந்தால் மட்டும் போதாது, அழியாமலும் இருக்கவேண்டும். கலம் ஒவ்வொரு முறை பிரியும்போதும் பிளாஸ்மிட் இரட்டிக்கவேண்டும், இரு மகட்கலங்களுக்கும் போய்ச் சேரவேண்டும், எண்ணிக்கை கூடிக் கலத்தைத் திணறடிக்காமலும் குறைந்து தொலைந்துபோகாமலும் இருக்கவேண்டும். இந்த மூன்றில் பங்கீடுதான் ஒப்பீட்டளவில் சுலபம், அதுவும் பிரதிகள் அதிகமென்றால். எந்தப் பிரதி எந்தப் பக்கம் போகிறது என்பது முழுக்கத் தற்செயல் என்று வைத்துக்கொள்வோம். பிரியும் நேரத்தில் பத்துப் பிரதிகள் இருந்தால், ஒரு மகட்கலம் ஒன்றுமில்லாமல் போவதற்கான வாய்ப்பு 512இல் ஒன்று. இருபது இருந்தால் 5,24,288இல் ஒன்று. நூறென்றால் அந்த எண்ணை எழுதிப் பார்ப்பதே வீண்வேலை. பிரதிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டால் இந்தக் கணக்கு கெடும், ஏனெனில் கொத்து ஒன்றாகத்தான் நகரும். என்றாலும் எண்ணிக்கை உயரமாக இருக்கும்வரை பங்கீட்டுக்கெனத் தனி இயந்திரம் தேவைப்படாது என்ற அளவுக்கு இந்தக் கணக்கு சரி.

அந்த எண்ணிக்கையை உயரத்திலேயே வைத்திருப்பதுதான் சிக்கல். கரு உள்ள கலங்களில் டிஎன்ஏ இரட்டிப்புக்கு ஒரு கண்டிப்பான சட்டம் உண்டு: ஒரு கலவட்டத்தில் ஒரு தொடக்கப்புள்ளி, அதாவது இரட்டிப்பு தொடங்கும் டிஎன்ஏ இடம், ஒருமுறைதான் இயங்கலாம். தொடக்கப்புள்ளிகளுக்கு முன்கூட்டியே எம்சிஎம் என்ற புரதக் கூட்டு ஏற்றப்படும். டிஎன்ஏ இரட்டிக்கும் கட்டமான எஸ் அவத்தையில் அது இயங்கும். இயங்கிய இடத்தில், அந்த வட்டம் முடியும்வரை மறுபடி ஏற்றக் கலம் விடாது. டிக்டியோஸ்டீலியத்தில் ஜி1 அவத்தை, அதாவது பிரிவுக்கும் எஸ் அவத்தைக்கும் இடையிலான இடைவெளி, இல்லையென்றே சொல்லலாம். இழையுருப்பிரிவு முடிந்த கையோடு எஸ் அவத்தை தொடங்கிவிடுகிறது. ஆகவே இந்த ஏற்பாடெல்லாம் பிரிவின் கடைசிக் கட்டத்திலேயே நடந்து முடிந்தாகவேண்டும்.

பிளாஸ்மிட் இந்தச் சட்டத்தை அப்படியே கடைப்பிடித்தால் என்ன ஆகும்? நூறு இருநூறாகும், இருநூறு சரிபாதியாகப் பிரிந்தால் மறுபடி நூறு. ஆனால் தற்செயலாக ஒரு மகளுக்கு எண்பதும் மற்றதற்கு நூற்றிருபதும் போனால், எண்பது வாங்கியவளின் சந்ததி எண்பதிலேயே நிற்கும். அடுத்த பிரிவில் இன்னும் இறங்கலாம். ஒருமுறை மட்டும் என்ற சட்டம் கணக்கை இரட்டிக்கும், பிழையைத் திருத்தாது. தலைமுறை தலைமுறையாக நிலைத்து நிற்கும் எந்தப் பிளாஸ்மிட்டும் திருத்துவதற்கு ஏதோ ஒரு வழி வைத்திருக்கத்தான் வேண்டும்.

மதுவத்தின் 2 மைக்ரோன் வளையம் கண்ட வழி கெட்டிக்காரத்தனமானது. அதில் 599 மூலச்சோடி நீளமான ஒரே தொடர் இரண்டு இடத்தில், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இருக்கிறது. பிளாஸ்மிட்டே தயாரிக்கும் ஃபிளிப் என்ற நொதியம் அந்த இரண்டு தொடர்களையும் வெட்டி மாற்றி ஒட்டும். இரட்டிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அப்படி மாற்றினால், எதிரெதிரே ஓடி மோதி நிற்கவேண்டிய இரண்டு இரட்டிப்புக் கவைகளும் (டிஎன்ஏ இழைகள் பிரிந்து நகலாகும் முனைகள்) ஒரே திசையில் ஒன்றையொன்று துரத்தத் தொடங்கும். வளையம் சுற்றிச் சுற்றிப் பிரதிகளை உருட்டித் தள்ளும். தொடக்கப்புள்ளி இயங்கியது ஒரே ஒருமுறைதான், சட்டம் மீறப்படவில்லை, பிரதிகளோ பல. 1986இல் ஃபுட்சர் முன்வைத்த விளக்கம் இது. எனக்குத் தெரிந்த மூலக்கூற்று உயிரியல் விளக்கங்களில் இவ்வளவு அழகானவை அதிகமில்லை.

டிடிபி2இலும் ஏறத்தாழ 500 மூலச்சோடி நீளமான தலைகீழ்த் தொடர்கள் இரண்டு இருக்கின்றன என்று தெரிந்தபோது, இதுவும் அதே வித்தையாகத்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் வளையத்துக்குள் ஃபிளிப் போன்ற நொதியத்துக்கான பரம்பரையலகு இல்லை. உள்ளது பெரிய பரம்பரையலகு ஒன்றே ஒன்று. ரெப் என்பது அதன் பெயர்.

அந்த ரெப் என்ன செய்கிறது என்பதைப் பிரித்துக் காட்டிய பரிசோதனை 1990இல் வந்தது. லைட்டிங், ஆங்கெலிகா நோகெல் முதலானோரின் வேலை. தர்க்கம் எளியது. பிளாஸ்மிட்டைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் டிக்டியோஸ்டீலியத்துக்குள் தனித்துப் புகுத்தி, அது நிறமூர்த்தத்தோடு சேராமல் தனி வளையமாகவே பிழைக்கிறதா என்று பார்ப்பது. முழுப் பிளாஸ்மிட் பிழைத்தது. ரெப் இல்லாத துண்டு பிழைக்கவில்லை. ஆனால் அதே கலத்துக்குள் ரெப் வேறெங்கிருந்தாவது கிடைத்தால், ரெப் இல்லாத அந்தச் சிறு வளையமும் பிழைத்துக்கொண்டது. ஆக, தேவை இரண்டு. ஒன்று, வளையத்திலேயே கட்டாயம் இருக்கவேண்டிய ஒரு டிஎன்ஏ இடம், அதாவது தொடக்கப்புள்ளி. மற்றது, எங்கிருந்து வந்தாலும் வேலை செய்யக்கூடிய ஒரு புரதம். அந்த இரண்டு தலைகீழ்த் தொடர்களில் ஒன்றை வெட்டி எறிந்தாலும் பிளாஸ்மிட் இரட்டிக்கிறது என்பதும் தெரியவந்தது. மதுவத்தின் துரத்தல் வித்தைக்கு இரண்டும் வேண்டும். இங்கே ஒன்று போதும். வெளித்தோற்றம் ஒன்றாயிருந்தும் உள்வேலை வேறு.

ரெப் புரதத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அது இரட்டிப்பைத் தொடக்கிவைப்பதோடு, தன் சொந்தப் பரம்பரையலகிலிருந்து ஆர்என்ஏ எழுதப்படுவதையும் அடக்குகிறது. பிரதிகள் குறைந்த கலத்தில் அடக்குவார் இல்லாமல் ரெப் கூடும், இரட்டிப்பும் கூடும். பிரதிகள் நிறைந்த கலத்தில் ரெப் தானே தன் வாயை மூடும். எண்பது வாங்கிய மகளின் பிரச்சினைக்கு இது ஒரு பதில்.

குடும்பங்கள் என்ற பேச்சு இங்கேதான் பொருள்படுகிறது. பிளாஸ்மிட் என்ற சொல்லை 1952இல் ஜோஷுவா லெடர்பெர்க் கொண்டுவந்த பிறகு, பற்றீரியாப் பிளாஸ்மிட்டுகளை வகுப்பதற்கு மருத்துவமனைகளுக்குப் பிடித்த வழி அவை எந்த மருந்தை எதிர்க்கின்றன என்பதாக இருந்தது. ஆனால் மருந்தை எதிர்க்கும் பரம்பரையலகுகளான அந்தச் சரக்கு ஒரு பிளாஸ்மிட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் தன்மையுள்ளது. நம்பக்கூடியது இரட்டிப்புக் கட்டுப்பாடு. ஒரே கட்டுப்பாட்டைப் பகிரும் இரண்டு பிளாஸ்மிட்டுகள் ஒரே கலத்தில் நீண்டநாள் சேர்ந்து வாழமாட்டா, ஏனெனில் ஒன்றின் எண்ணிக்கையைக் கலம் மற்றதன் கணக்கிலும் எழுதிவிடும். சளிப்பூஞ்சைகளில் சரக்கே அநேகமாக இல்லாததால், குடும்பத்தை வகுக்க ரெப்பும் தொடக்கப்புள்ளியும் தவிர வேறு பிடி கிடைப்பதும் கடினம்.

அப்படிப் பார்த்தபோது டிடிபி2 தனியாள் இல்லை என்று தெரிந்தது. முகோரொய்டஸிலிருந்து வந்த பிளாஸ்மிட்டுகளின் ரெப் அதற்கு உறவு. முதுமலையிலும் கிடைக்கும் ஜைஜான்டியம் இனத்திலிருந்து வந்த டிஜிபி1, ஃபிர்மிபாசிஸ் என்ற இன்னோர் இனத்தின் டிஎஃப்பி1 இரண்டும் அதே குடும்பம். அதிலும் அவை இரண்டும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியவை என்று 1999இல் வெல்கரின் குழு காட்டியது. ஊதா நிற வித்திகளை உடைய பர்ப்பியூரியம் இனத்தின் சிறு வளையங்களோ இந்த வீட்டுப் பிள்ளைகளே அல்ல. அவை இரண்டு புதிய குடும்பங்களாகப் பதிவாயின.

டிடிபி1 வேறொரு குடும்பம். அது டிடிபி2ஐப் போல் இரு மடங்குக்கும் மேல் பெரியது, பல பரம்பரையலகுகளைச் சுமக்கிறது. அவற்றில் சில கலம் தின்று வளரும்போது இயங்குபவை, சில கலங்கள் ஒன்றுகூடி வித்தியாகும் கட்டத்தில் இயங்குபவை. இரு குடும்பங்களையும் தனித்தனிப் பெட்டியில் போட்டு மூடிவிடலாம் என்றிருந்தபோது டிடிபி5 வந்து குழப்பியது. ஏறத்தாழ 15,000 மூலச்சோடி கொண்ட இந்தப் பிளாஸ்மிட்டில் டிடிபி2 வகை ரெப்பும் இருக்கிறது, டிடிபி1இன் பரம்பரையலகுகளுக்கு உறவானவையும் இருக்கின்றன. இரு குடும்பங்களின் ஒட்டு இது என்று 1998இல் வெளியான ஆய்வு சொன்னது. என்றோ ஒருநாள் ஒரே கருவுக்குள் இரண்டும் சந்தித்து, வெட்டுண்டு, ஒன்றாக ஒட்டியிருக்கவேண்டும். குடும்பமரம் என்று படம் வரைவது வழக்கம். ஆனால் கிளைகள் மறுபடி வந்து ஒட்டும் மரம் உண்டா? பிளாஸ்மிட்டுகளின் வரலாற்றை வலையாக வரைவதே நியாயம் என்பது என் எண்ணம்.

ஒரு குடும்பம் எப்படி இத்தனை இனங்களில் பரவியது? பொது மூதாதையிடமிருந்து எல்லோரும் வாங்கிக்கொண்டு, சிலர் இடையில் தொலைத்திருக்கலாம். இனம் விட்டு இனம் தாவியும் இருக்கலாம். டிக்டியோஸ்டீலியத்தில் இரண்டு கலங்கள் கலந்து, சுற்றியுள்ளவற்றை விழுங்கிப் பெருங்கூடாகும் ஒரு பாலினப் பருவம் உண்டு. கலங்கள் ஒன்றோடொன்று கலக்கும் அந்த நேரம் கைமாறுவதற்கு வாய்ப்பான நேரம்.

சரி, கலத்துக்கு இதனால் என்ன பயன்? தெரிந்தவரை பெரிதாக ஒன்றுமில்லை. பிளாஸ்மிட் இல்லாத வகைகள் நன்றாகவே வளர்கின்றன, கூடுகின்றன, வித்தியாகின்றன. டிடிபி2 போன்ற வளையம் 300 பிரதிகள் இருந்தால் மொத்தம் 17 இலட்சம் மூலச்சோடிக்கு மேல் வரும், அதாவது கலத்தின் மரபுத்தொகுதியில் ஐந்து வீதம். அவ்வளவையும் ஒவ்வொரு வட்டத்திலும் கலம் தன் நொதியங்களையும் நியூக்கிளியோடைட்டுகளையும் செலவழித்து நகலெடுக்கிறது. வாடகை கொடுக்காமல், வீட்டுக்காரரின் மின்சாரத்திலேயே விளக்கும் விசிறியும் போட்டுக்கொண்டு, காலி செய்யச் சொல்லும் அளவுக்குத் தொந்தரவும் தராத குடித்தனக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1980இல் இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் ஒரே இதழில் முன்வைத்த ‘சுயநல டிஎன்ஏ’ என்ற கருத்துக்கு டிடிபி2 பொருத்தமான உதாரணம். ஆனால் டிடிபி1ஐயும் அதே கூடையில் போட எனக்குத் தயக்கம் உண்டு. கலத்தின் பருவம் அறிந்து பரம்பரையலகுகளை இயக்கும் ஒரு வளையம் சும்மா தங்குவதற்கு மட்டும் இத்தனை பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்குமா? ஆய்வுகூடத்துப் போசணை ஊடகத்தில் வேறுபாடு தெரியவில்லை என்பதால், கச்சான் காற்றடித்து மண் வெடித்துக் கிடக்கும் ஆவணியிலும் வேறுபாடு இராது என்று சொல்லிவிட முடியாது.

மஞ்சள் கூழ்க் கூட்டத்தில் கதை வேறு. ஃபைசாரத்தின் கருக்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் பிரிபவை. டிஎன்ஏ இரட்டிப்பை ஆராய்ந்தவர்களுக்கு அது பெரிய வசதி. பிரிவு முடிந்ததும் ஏறத்தாழ மூன்று மணி நேரம் எஸ் அவத்தை, அதற்குப் பிறகு நீண்ட ஜி2, அதாவது அடுத்த பிரிவுக்கு முந்திய இடைவெளி. நிறமூர்த்தங்கள் சட்டப்படி எஸ் அவத்தையில் ஒருமுறை இரட்டிக்கின்றன. ஆனால் றைபோசோம் ஆர்என்ஏக்கான பரம்பரையலகுகள் நிறமூர்த்தத்தில் இல்லை. ஏறத்தாழ 60,000 மூலச்சோடி நீளமான, இருபுறமும் கண்ணாடிப் பிம்பம் போன்ற தனி நேர்கோட்டுத் துண்டுகளில் இருக்கின்றன. இவை ஜி2 முழுவதும் இரட்டித்துக்கொண்டே இருக்கும். அதிலும் ஒரு துண்டு ஒரே வட்டத்தில் இரண்டுமுறை இரட்டிக்கலாம், பக்கத்துத் துண்டு ஒருமுறைகூட இரட்டிக்காமல் போகலாம். எண்ணிக்கை மொத்தமாக இரட்டித்தால் போதும். மதுவம் சட்டத்தின் ஓட்டையில் நுழைந்தது என்றால், இது சட்டத்தின் எல்லைக்கு வெளியே குடியிருக்கிறது. டிக்டியோஸ்டீலியத்திலும் இதே வேலைக்கு 88,000 மூலச்சோடித் துண்டுகள் நூறளவில் உண்டு. அவை பிளாஸ்மிட் அல்ல, கலத்துக்கு இன்றியமையாதவை.

ஃபைசாரத்தின் இழைமணிக்குள் மட்டும் உண்மையான பிளாஸ்மிட் ஒன்று உண்டு. எம்எஃப் என்ற அது வட்டமும் அல்ல, ஏறத்தாழ 14,500 மூலச்சோடி கொண்ட நேர்கோட்டுத் துண்டு. கவானோ, குரோய்வா ஆகிய ஜப்பானியர்கள் கண்டது: இது இருக்கும் கலத்தில் இழைமணிகள் ஒன்றோடொன்று இணைகின்றன, இணையும் வழியே பிளாஸ்மிட் இல்லாத இழைமணிக்கும் அது போய்ச் சேர்கிறது. தான் பரவுவதற்கான கதவைத் தானே திறந்துவிடும் வேலை.

பயன் இல்லை என்று மேலே சொன்னது கலத்தின் பார்வையில். ஆய்வுகூடத்துக்கு இந்த வளையங்கள் பெரும் உதவி. 1985இலேயே டிடிபி1இன் பகுதிகளை வைத்து, ஈ. கோலையிலும் டிக்டியோஸ்டீலியத்திலும் மாறி மாறி வாழக்கூடிய காவிகள் கட்டப்பட்டன. 1995இல் வந்த ஒரு தொகுதி, 1990 பரிசோதனையின் பாடத்தை நேரடியாகப் பயன்படுத்தியது. காவியில் டிடிபி2இன் தொடக்கப்புள்ளி மட்டும், ரெப் தனியான துணைப் பிளாஸ்மிட்டில். காவி சிறிதாவதால் உள்ளே வைக்க இடம் அதிகம்.

நிலாவெளிப் பக்கத்திலோ கோட்டைக்குள்ளோ ஒரு மாணவர் இதைத் தேடிப் பார்க்க விரும்பினால், தொடக்க வேலைக்கு அதிகச் செலவில்லை. மாரி தொடங்கி மண் ஈரமானதும் ஒரு பிடி சருகுமண் அல்லது புழுக்கை எடுத்து, சுத்தமான நீரில் கரைத்து, போசணை குறைந்த ஏகார்த் தட்டில் ஈ. கோலையோடு சேர்த்துப் பரப்பவேண்டும். சில நாளில் பற்றீரியாப் படலத்தில் ஓட்டைகள் விழும், அதன் ஓரத்தில் முடி போன்ற தண்டுகள் எழும். தனி வித்தியிலிருந்து மறுபடி வளர்த்து, கலங்களை உடைத்து, டிஎன்ஏயை ஏகரோஸ் ஜெல்லில் ஓட்டினால் நிறமூர்த்தமும் றைபோசோம் துண்டும் மேலேயே தடித்த பட்டையாக நின்றுவிடும். பிளாஸ்மிட் இருந்தால் அதற்குக் கீழே மெல்லிய தனிப் பட்டை. இரண்டு பட்டை தெரிந்தவுடன் இரண்டு பிளாஸ்மிட் என்று குறித்துவிடக் கூடாது. முறுக்கிய வளையமும், ஓரிழை அறுந்து தளர்ந்த வளையமும் ஜெல்லில் வேறு வேறு வேகத்தில் ஓடும். ஒரே இடத்தில் வெட்டும் நொதியமொன்றால் வெட்டி நேர்கோடாக்கினால் இரண்டும் ஒரே பட்டையில் வந்து நிற்கும், உண்மையான நீளமும் அப்போதுதான் தெரியும். பிறகு டிடிபி2இன் ரெப் துண்டை அடையாளமிட்டு அதன்மேல் ஒட்டிப் பார்க்கலாம். ஒட்டாவிட்டால் முழு வளையத்தின் மூலவரிசையையும் வாசிக்கவேண்டியதுதான். ஐயாயிரம் மூலச்சோடி இன்று பெரிய செலவல்ல.